உஹூராவுக்குப் பெயர் வைத்தது யார்?

நம் வீடுகளில் ஒரே குழந்தைக்கு இரண்டு பெயர் இருப்பது சகஜம். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஒன்று. பாட்டியும் அத்தையும் வாய் நிறையக் கூப்பிடுவது மற்றொன்று. இரண்டில் எது உண்மையான பெயர் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? ரிஜிஸ்தரைக் காட்டுவீர்களா, பாட்டியைக் காட்டுவீர்களா?

இதே கேள்வி ஒரு டெலிவிஷன் கதையைப் பற்றி அமெரிக்காவில் எழுந்தது. வருஷக் கணக்காகியும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. கதையின் பெயர் 'ஸ்டார் டிரெக்'. நட்சத்திரங்களுக்கிடையே 'எண்டர்பிரைஸ்' என்ற ஆகாயக் கப்பல் போய்வரும் கதை. 1966 செப்டம்பர் 8-ம் தேதி ஆரம்பித்து, சினிமாவாகவும் புதிய புதிய தொடர்களாகவும் அரை நூற்றாண்டுக்கு மேல் கிளைவிட்டு வளர்ந்திருக்கிறது.

அந்தக் கப்பலில் நானூறு பேருக்கு மேல் வேலை. தலைவன் கிர்க்கின் ஆசனத்துக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். காதிலே ஒரு கருவி. எங்கிருந்து எந்தச் செய்தி வந்தாலும் முதலில் கேட்பவள் அவள்தான். லெப்டினன்ட் உஹூரா என்பார்கள். ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி மொழியில் 'உஹூரு' என்றால் சுதந்திரம். அதிலிருந்து பிறந்த பெயர்.

அந்த வேஷத்தில் நடித்தவர் நிஷெல் நிகோல்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. டெலிவிஷனில் கறுப்புப் பெண்களுக்கு வேலைக்காரி வேஷத்தைத் தவிர வேறு வேஷம் அபூர்வமாய்க் கிடைத்த காலம் அது. முதல் வருஷ முடிவில் அவர் விலகிவிட நினைத்தாராம். மார்ட்டின் லூதர் கிங் அவரை ஒரு விழாவில் சந்தித்து, போகவே கூடாது என்று வற்புறுத்தினாராம். நிகோல்ஸே இதைப் பல முறை சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு பெருமை வாய்ந்த உஹூராவுக்கு ஒரு குறை இருந்தது. உஹூரா என்பது குடும்பப் பெயர். அவளுக்கென்று தாயார் வைத்த பெயர் என்ன? ஏறக்குறைய 43 வருஷம் திரையில் யாரும் அதைச் சொல்லவில்லை!

"கற்பனைப் பெண்தானே? கதை எழுதியவரைக் கேட்டால் தீர்ந்தது" என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். ஷெர்லாக் ஹோம்ஸ் என்றால் கானன் டாயில் எழுதிய 60 கதைகள்தான். மற்றவர்கள் எழுதியதெல்லாம் சரக்கில் சேராது. ஒரே பேனா, ஒரே கணக்கு. கிறிஸ்தவத் திருச்சபை ஏற்றுக்கொண்ட வேத நூல்களின் வரிசைக்குக் 'கேனன்' என்று பெயர். 1911-ல் ரொனால்டு நாக்ஸ் என்பவர் ஹோம்ஸ் கதைகளையும் வேதம் மாதிரி வைத்து வேடிக்கையாக ஆராய்ச்சி செய்தார். அந்த வழியில் வந்த வார்த்தைதான் இன்று எல்லாத் தொடர்கதை ரசிகர்களின் வாயிலும் அடிபடுகிறது.

ஸ்டார் டிரெக்குக்கோ ஒரு பேனா அல்ல, நூறு பேனா. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. ஆனால் முதல் தொடரின் 79 அத்தியாயங்களையும் எழுதியவர்கள் பலர். அப்புறம் கார்ட்டூன், சித்திரக் கதை, நூற்றுக்கணக்கான நாவல்கள். ஒரு நாவலில் இறந்தவன் இன்னொன்றில் காபி சாப்பிட்டுக்கொண்டிருப்பான். ஆகவே ஒரு சட்டம் ஏற்பட்டது: திரையில் வந்ததே நிஜம், புத்தகத்தில் வந்தது எவ்வளவு நன்றாயிருந்தாலும் கணக்கில் சேராது.

சட்டத்திலும் நியாயம் இல்லாமலில்லை. நாளைக்கு ஒரு படத்துக்குக் கதை எழுத உட்காருபவர், எல்லா நாவல்களையும் படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடவேண்டும் என்றால் நடக்கிற காரியமா?

ஆனால் திரைக்கும் மறதி உண்டு. 1966-ல் வந்த ஓர் அத்தியாயத்தில் கிர்க்குக்கு ஒரு கல்லறைக் கல் காட்டினார்கள். அதில் செதுக்கியிருந்தது 'ஜேம்ஸ் ஆர். கிர்க்'. பிறகு அவன் 'ஜேம்ஸ் டி. கிர்க்' ஆகிவிட்டான். 'டி' என்றால் டைபீரியஸ் என்று விளக்கியது 1974-ல் வந்த கார்ட்டூன் அத்தியாயம். 1980-களின் கடைசியிலோ, கார்ட்டூன் கணக்கில் சேராது என்று ராடன்பெரியின் அலுவலகம் ஒதுக்கிவிட்டது. அத்தனை பெரிய கப்பல் தலைவனுக்கே நடுப்பெயர் பறிபோயிற்று! 1991-ல் வந்த ஆறாவது சினிமாவில்தான் டைபீரியஸ் மறுபடி கிடைத்தது.

அதே படத்தில் இன்னோர் அதிசயம். கப்பல் செலுத்தும் சூலு, தன்னை 'ஹிக்காரு சூலு' என்று சொல்லிக்கொள்கிறான். ஹிக்காரு என்ற பெயரை வைத்தது எந்த அலுவலகமும் அல்ல. வாண்டா மக்கின்டயர் என்ற பெண் எழுத்தாளர். 1981-ல் வந்த தமது நாவலில் வைத்தார். சட்டப்படி செல்லாத பெயர். பத்து வருஷத்தில் செல்லுபடியாயிற்று.

இப்போது உஹூராவுக்கு வருவோம். 1982-ல் வில்லியம் ராட்ஸ்லர் என்பவர், கப்பலிலுள்ளோரின் வாழ்க்கை வரலாறு போல ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் அவளுக்கு 'நியோட்டா' என்று பெயரிட்டார். ஸ்வாஹிலியில் நட்சத்திரம் என்று பொருள். நாவலாசிரியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், ரசிகர்கள் சுவீகரித்துக்கொண்டார்கள். ரிஜிஸ்தரில் மட்டும் அந்த இடம் காலியாகவே இருந்தது.

2009-ல் புதிய நடிகர்களை வைத்து ஒரு படம் எடுத்தார்கள். வாலிபன் கிர்க் அவளைச் சந்தித்ததும் பெயர் என்ன என்று கேட்கிறான். அவள் சொல்ல மறுக்கிறாள். படம் முழுக்க அவன் கேட்பதும் அவள் மறுப்பதுமாக ஒரு வேடிக்கை. கடைசியில் ஸ்பாக் ஆபத்தான வேலைக்குக் கிளம்பும்போது, விடைகொடுக்க வந்தவளை "நியோட்டா" என்று அழைக்கிறான். பக்கத்தில் நிற்கும் கிர்க் திகைத்துப்போகிறான். திகைக்காதவர்கள் பழைய ரசிகர்கள்தான். 27 வருஷமாக அவர்களுக்குத் தெரிந்த பெயர் அல்லவா!

இன்னொரு பெண்ணையும் சொல்லவேண்டும். தொடருக்கு முன்னோட்டமாக முதலில் எடுத்த படத்தில், கப்பலின் இரண்டாவது அதிகாரி ஒரு பெண். பெயரே கிடையாது, 'நம்பர் ஒன்' என்பதோடு சரி. நாவலாசிரியர்கள் அவளை ஊனா என்று அழைத்தார்கள். 2022-ல் தொடங்கிய ஒரு தொடரில் அவள் ஊனாவாகவே வருகிறாள்.

டோரதி ஃபாண்டானா என்ற எழுத்தாளரின் அனுபவமும் இப்படித்தான். பெண் என்று தெரிந்தால் கதையைப் படிக்கத் தயங்கிய நாளில், 'டி. சி. ஃபாண்டானா' என்று எழுத்துக்களுக்குள் ஒளிந்துகொண்டு எழுதியவர். ஸ்பாக் சிறு பையனாக இருந்தபோது ஆறங்குலப் பல்லுள்ள ஒரு மிருகத்தை ஆசையாய் வளர்த்தான் என்று 1967-ல் எழுதினார். அந்தப் பிராணியையும் பையனையும் 1973-ல் கார்ட்டூனில் கண்ணுக்கு முன் கொண்டுவந்தார். கார்ட்டூனை ஒதுக்கியபோது இந்தக் கதையும் வெளியே நின்றது. ஆனாலும் 2004-ல் வேறொரு தொடரில் அந்த இனத்து மிருகம் நிஜமாகவே திரையில் நடந்து வந்தது!

எல்லாக் கதைக்கும் இப்படிச் சுபமான முடிவு இல்லை. சுமார் இருபது வருஷம் நாவலாசிரியர்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி ஒரு நீண்ட கதையைப் பின்னி வந்தார்கள். அதில் கல்யாணங்கள் நடந்தன, குழந்தைகள் பிறந்தன. 2020-ல் வந்த 'பிக்கார்ட்' தொடர் வேறு பாதையில் போய்விட்டது. நாவலாசிரியர்களே 2021-ல் மூன்று புத்தகங்கள் எழுதித் தங்கள் உலகத்துக்கு விடை கொடுத்தார்கள். அந்தக் கல்யாணங்களையும் குழந்தைகளையும் நேசித்தவர்கள் கண்ணீர் விட்டது பொய்யா?

பொய்யில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரிஜிஸ்தர் அலுவலகத்தின் கையில் இருக்கலாம், அது வேண்டியதும்தான். ஆனால் அதில் எழுதப் பெயர் எங்கிருந்து வருகிறது? விரும்பிப் படித்தவர்களிடமிருந்தும், அக்கறையோடு எழுதியவர்களிடமிருந்தும் அல்லவா வருகிறது? அலுவலகம் பெயரைச் செல்லாதென்று சொல்லலாம்; வீட்டில் கூப்பிடுவதை நிறுத்த முடியாது. கூப்பிடக் கூப்பிட, சில பெயர்கள் ஒருநாள் ரிஜிஸ்தரிலும் ஏறிவிடுகின்றன.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏதாவது கதையை வைத்துக்கொண்டு, "அது நிஜம், இது கணக்கில் வராது" என்று சண்டை போட்டால் அதட்டிவிடாதீர்கள். "கணக்கில் வராது என்றவர் யார்? உனக்கு எது பிடித்திருக்கிறது?" என்று இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். நல்ல பேச்சு நடக்கும்.

நிஷெல் நிகோல்ஸ் 2022-ல், தமது 89-வது வயதில் காலமானார். தாம் ஏற்ற பாத்திரத்துக்குத் திரையில் முழுப் பெயர் கிடைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.