தள்ளிப்போடக் கூடாத நோய்

மனச்சோர்வு வந்தவர் முதலில் மனநல மருத்துவரிடம் போவது அபூர்வம். "ரெண்டு மாசமா உடம்பு ஒரே அசதி டாக்டர்", "தலை பாரமாவே இருக்கு", "ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்ல" என்று பக்கத்துத் தெரு பொது மருத்துவரிடம்தான் போகிறார். சத்து மாத்திரை கிடைக்கிறது, ஊசி கிடைக்கிறது. அதிலும் குறையவில்லை என்றால் வயிற்றுக்கு எண்டோஸ்கோப்பி, தலைக்கு ஸ்கேன். எல்லாமே நார்மல் என்று வந்ததும் வீட்டில் நிம்மதி. கூடவே ஒரு கேள்வியும் கிளம்புகிறது. "ஒண்ணுமே இல்லேன்னு டாக்டரே சொல்லிட்டாரு, இன்னும் ஏன் படுத்தே கிடக்குற?" அதற்குப் பிறகு நோயாளி தன் வேதனையை யாரிடமும் சொல்வதில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. வயதுவந்தோரில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகியிருப்பதாக அது கண்டது. மனநோய் உள்ளவர்களில், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. என்னை உறுத்துவது இந்த இரண்டாவது கணக்குதான். மனச்சோர்வு பெரும்பாலும் சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய். அது தொடங்கிய நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் நடுவே கழியும் மாதங்களும் ஆண்டுகளுமே மனிதர்களை அதிகம் சிதைக்கின்றன. அந்தத் தாமதத்துக்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் அனேகமாக எல்லாவற்றுக்கும் இன்று மருத்துவத்திலோ சட்டத்திலோ பதில் இருக்கிறது.

முதல் காரணம், "கவலை யாருக்குத்தான் இல்லை?" என்பது. உண்மைதான். ஆனால் சாவு வீட்டில் அழுகிறவர்கூட நடுவில் பழைய கதை ஒன்றைக் கேட்டுச் சிரிப்பார். பேரக்குழந்தை மடியில் ஏறினால் முகம் மலரும். மனச்சோர்வில் அந்த மலர்ச்சியே வற்றிவிடுகிறது. பிடித்த பாட்டு பிடிக்காது, பிடித்த சாப்பாடு ருசிக்காது. மனம் வாடிக் கிடப்பது, எதிலும் நாட்டமில்லாமல் போவது ஆகிய இரண்டில் ஒன்றாவது அனேகமாக நாள் முழுவதும், அனேகமாக எல்லா நாளும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடித்தால் மருத்துவர் கவனிக்கத் தொடங்குவார். அதனுடன் தூக்கம், பசி, உடல் எடை ஆகியவை கூடுவது அல்லது குறைவது, உடல் அசதி, கவனம் சிதறுவது, நடையும் பேச்சும் மந்தமாவது அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாத பதற்றம், தான் எதற்கும் லாயக்கில்லை என்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பார். இந்த ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருந்து அன்றாட வாழ்க்கையும் தடுமாறினால் அது நோய்.

எல்லோரிடமும் இது ஒரே முகம் காட்டுவதில்லை. ஆண்களிடம் எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படலாம். பள்ளிப் பிள்ளைகள் காலையில் வயிற்றுவலி என்பார்கள். முதியவர்களிடம் மறதியாகத் தெரியும்; வயசாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். பிள்ளை பெற்ற பெண் குழந்தையைப் பார்த்தாலே அழுகிறாள் என்றால், ஓரிரு வாரத்தில் அது தணியவில்லை என்றால், "பச்சை உடம்பு, சரியாயிடும்" என்று காத்திருக்கக் கூடாது.

மனச்சோர்வை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பேசித்தான் கண்டறிய வேண்டும். அப்படியும் மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னால் அதற்குக் காரணம் உண்டு. தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவை மனச்சோர்வைப் போலவே தோன்றும். அவற்றை முதலில் விலக்க வேண்டும். பிஹெச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு "ஆம்" என்றால் கூட்டுத்தொகைக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே போக வேண்டும். இன்னொன்றையும் மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கைக்காசை வாரி இறைத்த நாட்கள் இருந்தனவா? இருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம்.

"எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று சொல்கிறவர்களுக்காக மூளையில் நடப்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆபத்து வந்தால் உடல் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஆபத்து நீங்கியதும் மூளையே அதை நிறுத்தச் சொல்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்கு அந்த நிறுத்தம் சரியாக வேலை செய்வதில்லை. இப்படிக் கார்டிசோல் நீண்ட காலம் கூடுதலாக இருந்தால், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியைப் பாதிக்கிறது. அதே ஹிப்போகாம்பஸ்தான் கார்டிசோலை அடக்கவும் உதவுகிறது. ஆகவே பாதிப்பு பாதிப்பைப் பெருக்குகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் இவெட் ஷெலைன், திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்த பெண்களின் ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பதை 1996இல் காட்டினார். 2003இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது: சிகிச்சை இல்லாமல் நோயோடு கழித்த நாட்கள் கூடக் கூட அந்தப் பகுதி சிறுத்திருந்தது, மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த நாட்களோடு அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை. பல நாட்டு ஆய்வாளர்கள் பிறகு ஆயிரக்கணக்கானோரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தபோது, நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே ஹிப்போகாம்பஸ் அளவில் இருந்த வித்தியாசம் சராசரியாக ஒரு சதவீதத்தை ஒட்டியதாகத்தான் இருந்தது. சிறிய வித்தியாசம்தான், நோய் அடிக்கடி வந்தவர்களிடமும் இளம் வயதிலேயே தொடங்கியவர்களிடமும் அதிகமாக இருந்தது. மூளை அழிந்துவிட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம். மாறும் தன்மை மூளைக்கு உண்டு. சிகிச்சையும் உடற்பயிற்சியும் அதற்குத் துணை செய்கின்றன.

அச்சத்தைக் கிளப்பும் பகுதியான அமிக்டலா வழக்கத்தைவிட அதிகமாகக் கிளர்ந்திருப்பதையும், அதைக் கட்டுப்படுத்த வேண்டிய நெற்றிப்புற மூளை தளர்ந்திருப்பதையும் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மனச்சோர்வு உள்ளவரிடம் "கொஞ்சம் மனச திடப்படுத்திக்கோ" என்று சொல்வதில் பயனில்லாமல் போவது இதனால்தான். திடப்படுத்தும் உறுப்பே நோயில் இருக்கிறது.

செரட்டோனின் குறைந்ததால்தான் மனச்சோர்வு என்ற விளக்கம் பல ஆண்டுகள் பரவலாகச் சொல்லப்பட்டது. அது அவ்வளவு எளிதல்ல என்று இப்போது தெரிகிறது. 2022இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, அந்தக் கருத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. உடனே "அப்போ மாத்திரையே ஏமாற்று" என்று சிலர் கிளம்பினார்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கேட்கிறது என்பதால், உடம்பில் பாராசிட்டமால் குறைந்துபோனதுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று யாரும் சொல்வதில்லை. மருந்து பலருக்கு வேலை செய்கிறதா என்பதும், எப்படிச் செய்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள்.

நோய் லேசாக இருந்தால் மாத்திரை இல்லாமலே பேச்சு சிகிச்சை போதுமானதாக இருக்கலாம். நோய் கடுமையானால்கூட அந்தச் சிகிச்சையைப் படித்த நிபுணர்தான் தர வேண்டும் என்பதில்லை என்று கோவாவில் ஓர் ஆய்வு காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, ஓரளவு கடுமையான மற்றும் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசினார்கள். விட்டுப்போன வேலைகளையும் உறவுகளையும் சிறிது சிறிதாக மறுபடி தொடங்க வைப்பதே முறை. மூன்று மாதத்தில் அவர்களில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டனர். அந்த ஆலோசனை கிடைக்காதவர்களில் 39 சதவீதம். 2017இல் 'லான்செட்' இதழில் வெளியான இந்த முடிவுகளைப் படிக்கும்போது, நம் ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அது கேட்டுப் பெற வேண்டிய விஷயம்.

மாத்திரை விஷயத்தில் மக்கள் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றின் பக்கவிளைவுகளான குமட்டல், தலைவலி, படபடப்பு ஆகியவை முதல் வாரமே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் ஐந்தாம் நாளே நிறுத்துகிறவர்கள் ஏராளம். அதைத் தாண்டியவர்கள், நன்றாகிவிட்டது என்று இரண்டாம் மாதம் நிறுத்துகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும்; அதன்பின் மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் கிறுகிறுப்பும் எரிச்சலும் வரும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகரிக்க வாய்ப்பிருப்பதால் வீட்டார் அருகில் இருந்து கவனிக்க வேண்டும். பழகி அடிமையாகிவிடுவோம் என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. அந்த ஆபத்து அல்பிராசோலம் போன்ற தூக்க மாத்திரைகளில்தான் உண்டு. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் வாங்குவது அவற்றைத்தான் என்பது வேதனை.

கடன்காரன் வாசலில் நிற்கும்போதும், கணவன் அடித்துக்கொண்டிருக்கும்போதும் மாத்திரை மட்டும் எதையும் தீர்த்துவிடாது. அடிபடும் பெண்ணுக்குச் சிகிச்சையோடு 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் தெரிய வேண்டும்.

அடுத்த பயம், பிடித்து அடைத்துவிடுவார்கள் என்பது. அதற்கு நம் மண்ணிலேயே காரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் இல்லம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017இல் இயற்றி 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை தருவதையும் தடை செய்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவமனையில் தங்கவேண்டிய அவசியமே வராது; புறநோயாளியாக வந்துபோனால் போதும்.

"வெளியே தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும், வேலை போயிடும்" என்பவர்களுக்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. உங்கள் நோய் விவரம் ரகசியம். சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதமின்றி மருத்துவமனை அதை வெளியே சொல்ல முடியாது. மனநோய் இருக்கிறது என்று தீர்மானிக்கப்பட்டாலே ஒருவர் புத்தி சுவாதீனம் அற்றவர் ஆகிவிட மாட்டார். அதை நீதிமன்றம்தான் சொல்ல முடியும். முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து இன்றும் நோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது இலவசம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே சேவையில் குறை இருந்தால் அதன் பொறுப்பாளரிடமும், தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திலும் புகார் செய்யலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம்.

காப்பீடு இன்னும் போராட வேண்டிய இடம். உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது சட்டம். 2021இல் டெல்லி உயர் நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கோரிக்கையை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிச் செலவை மட்டுமே தருகின்றன. மனச்சோர்வின் செலவோ புறநோயாளியாக மாதாமாதம் ஆவது. இந்த ஓட்டையை அரசு அடைக்க வேண்டும்.

தற்கொலைக்கு முயன்றவர் மேல் கேஸ் போடுவார்கள் என்று பயந்து விஷயத்தை மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கும் நோக்கத்தோடு முயல்வது மட்டும் அதில் தனிக் குற்றமாக இருக்கிறது.

வீட்டில் ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேட்கலாம்: "செத்துடலாம்னு தோணுதாப்பா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பலருக்கு, யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்று நெஞ்சு லேசாகும். ஆம் என்றால் வாதம் வேண்டாம், புத்திமதி வேண்டாம். தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். நெருக்கடி பெரும்பாலும் சில மணி நேரமே உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் அவை கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். 1986இலிருந்து சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050.

குணமானவர்களில் பாதிப் பேருக்கு நோய் இன்னொரு முறை வரக்கூடும். ஆகவே நலமாக இருக்கும்போதே செய்துவைக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. நோய் முற்றி முடிவெடுக்க முடியாமல் போனால் தன் சார்பில் பேச ஒருவரை, அதே 2017 சட்டப்படி, வயதுவந்த எவரும் முன்பே நியமிக்கலாம். அவர் அம்மாவாகவோ கணவராகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை; 18 வயது நிறைந்த, பொறுப்பேற்கத் திறனும் சம்மதமும் உள்ள நண்பராகவும் இருக்கலாம். ஒரு வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் வேறொருவரை எழுதிக்கொள்ளலாம்.