இயல்பமைவு என்னும் பொறுப்பு

நுழையும்முன்

புதுவீட்டில் குடிபுகுவோர் பூட்டைத் தாமே செய்துகொள்வதில்லை. கட்டியவர் பொருத்திய பூட்டையே நம்புகின்றனர். மென்பொருளை நிறுவுவோரும் அத்தகையோரே. அவர்கள் திறந்து பாராத கோப்பிலும் அவர்களுக்கான முடிவுகள் எழுதப்பட்டிருக்கின்றன.

கண்காணிக்கும் நிரல்

வலையமைப்பிலுள்ள கருவிகளின் நிலையைத் தொலைவிலிருந்து அறிய 1988ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது 'எஸ்என்எம்பி' என்னும் எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை. லினக்ஸ் கணினிகளில் இந்நெறிமுறைப்படி விடையளிக்கும் நிரல்களுள் ஒன்று, நெட்-எஸ்என்எம்பி என்னும் கட்டற்ற மென்பொருளின் 'எஸ்என்எம்பிடி'. பயனர் கண்ணில் படாமல் பின்னணியில் இயங்கும் இத்தகைய நிரலை 'டெமான்' என்பர். கணினியின் பெயர், இயங்கிய நேரம், வலையமைப்புப் போக்குவரத்து முதலியவற்றைக் கேட்போருக்கு இது தெரிவிக்கும்.

கேட்பவர் யார்?

வேறு கட்டளை இல்லையெனில், இந்நிரல் கணினியின் எல்லா ஐபி பதிப்பு 4 முகவரிகளிலும் 161ஆம் வாயிலில் காத்திருக்கும். நெறிமுறையின் முதலிரு பதிப்புகளில் அடையாளமாக வழங்கும் குழுச்சொல், மறைக்கப்படாமலே அனுப்பப்படுகிறது. 'பப்ளிக்' என்னும் வழக்கமான குழுச்சொல்லோ உலகறிந்தது. அயலார் ஒருவர் அனுப்புநர் முகவரியைப் பொய்யாக இட்டுச் சிறுவினா தொடுத்தால், அதற்குரிய பெருவிடை குற்றமற்ற வேறொரு கணினியைச் சென்று தாக்கும். கண்காணிக்க வந்த நிரலே கருவியாகிவிடும்.

டெபியன் செய்த மாற்றம்

1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கல், இந்நிரலின் அமைவுக் கோப்பைத் தன் பயனர்க்கேற்பத் திருத்தித் தருகிறது. முதலாவதாக, 127.0.0.1 என்னும் முகவரியிலும் அதற்கு நிகரான ஐபி பதிப்பு 6 முகவரியிலும் மட்டுமே நிரல் காத்திருக்கிறது. அதாவது, அக்கணினிக்குள்ளிருந்து எழும் வினாவுக்கே விடை கிட்டும். இரண்டாவதாக, 'பப்ளிக்' எனக் கேட்போருக்கு அடிப்படைத் தகவல்கள் மட்டுமே புலப்படும். மூன்றாவதாக, குறைந்த உரிமையுடைய தனிப்பயனர் கணக்கில் நிரல் இயங்குகிறது.

இதனால் ஓர் இடர்ப்பாடும் உண்டு. தொலைவிலிருந்து கண்காணிக்க விரும்பும் நிருவாகிக்கு, நிறுவியவுடன் விடை வாராது. அவரே கோப்பைத் திறந்து, உரிய முகவரியைச் சேர்க்க வேண்டும். அடையாளச் சரிபார்ப்பும் மறையாக்கமும் உடைய மூன்றாம் பதிப்பைத் தேர்வது நன்று. அறிந்தவருக்குச் சிறு உழைப்பு. அறியாதவருக்குப் பெரும் காப்பு. இவ்விரண்டையும் சீர்தூக்கியே கதவு தாழிடப்பட்டது.

தெரியுமா?

நிருவாகி திருத்திய அமைவுக் கோப்பை மேம்படுத்தலின்போது அழித்தல் கூடாது என்பது டெபியன் கொள்கை. புதிய வடிவம் வரும்போது, எதனை வைத்துக்கொள்வது என்று அவரிடமே கேட்கப்படும்.

முடிவாக

எல்லார்க்கும் ஏற்ற அமைவு என ஒன்றில்லை. எனவே, அறியாதவரைக் காப்பதும் அறிந்தவரின் மாற்றத்தை மதிப்பதும் ஆகிய இரண்டுமே இயல்பமைவை எழுதுவோரின் கடமைகளாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் திறன்பேசியில் நீங்கள் தேர்ந்தெடுக்காமலே அமைந்திருக்கும் மூன்று அமைவுகளைக் கண்டறிந்து, அவை யாருக்குப் பயன்தருகின்றன என வகுப்பறையில் கலந்துரையாடுக.