கணினியைப் பேணல்

இல்லத்துக் கணினி இயங்குங்கால் அதன் உள்ளுறுப்புகள் வெப்பமடைகின்றன. அவ்வெப்பத்தைச் சிறு விசிறி வெளியேற்றுகிறது. காற்றோடு புகும் தூசு படிந்து, காற்றுத் துளைகளை அடைத்துவிடும். வெப்பம் மிகுந்தால், மூளை போன்ற மையச் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஆதலின், சில திங்களுக்கு ஒருமுறை கணினியை நிறுத்தி, மின்னிணைப்பை நீக்கி, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசைத் துடைத்தல் வேண்டும். ஈரத்துணி ஆகாது. வேண்டாத கோப்புகளை நீக்கிச் சேமிப்பு வட்டில் இடம் விடுதலும் நன்று.

இத்துணை பேணினும், வட்டு ஒருநாள் பழுதுறக்கூடும். புதிய வட்டை விலைக்கு வாங்கலாம். பழையதனோடு மறைந்த எழுத்தையும் படத்தையும் வாங்க இயலுமோ? அவற்றின் படியை வேறொரு வட்டில் அவ்வப்போது எடுத்து வைத்தலே தலையாய பேணலாகும்.