93% என்று சொன்ன மொனிற்றர்

இந்தக் கிழமை எபிசோட்டில பற்றறி மொனிற்றர் பற்றி மேலோட்டமாத்தான் கதைச்சோம். நான் விட்ட பிழையை மைக்கில சொல்ல வெட்கமா இருந்தது. எழுத்தில சொல்லுறன்.

போன வருசம் செப்ரெம்பர், தென் ஒஸ்ரேலியாவின் ஊட்னடாட்டா பாதை. மாரீயில் இருந்து மார்லா வரை ஏறக்குறைய 620 கிலோமீற்றர் மண் ரோட்டு. நான், அம்மா, அப்பா. வாகனத்தின் பின்பக்கம் ஃபிரிட்ஜ். அதுக்குள்ள அப்பாவின்ர இன்சுலின்.

ஃபிரிட்ஜுக்கெண்டே 100 அம்பியர்-மணி லித்தியம் பற்றறி பூட்டியிருந்தன். இந்த வகைப் பற்றறியில் வோல்ற்றைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல ஏலாது. முக்கால்வாசி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் 13 வோல்ற்றைச் சுத்தித்தான் நிற்கும். அதனாலதான் ஷண்ட் வேணும். அது நெகற்றிவ் பக்கம் பூட்டுற சின்ன உலோகத் தடை. 500 அம்பியர் போனால் அதில் 50 மில்லிவோல்ற் விழும். 1 அம்பியருக்கு 0.1 மில்லிவோல்ற். அதை அளந்து, வந்ததையும் போனதையும் வங்கிக் கணக்கு மாதிரிக் கூட்டிக் கழிச்சுச் சதவீதம் சொல்லும்.

ஆனால் தனக்குள்ளால போற மின்னோட்டம் மட்டும்தான் அதுக்குத் தெரியும்.

கவர்ட் ஸ்பிரிங்ஸில் 2 இரவு தங்கினோம். நல்ல வெயில், வாகனம் அசையவே இல்லை. இரண்டாம் இரவு ஃபோனில் பார்த்தேன்: 93%. நிம்மதியாப் படுத்தன். விடிய எழும்பினால் ஃபிரிட்ஜ் நின்றுபோச்சு, மொனிற்றரும் செத்துப்போச்சு. உள்ளே 11 டிகிரி. இன்சுலினுக்கு 2 முதல் 8 வேணும்.

அப்பா ஒண்டும் பேசேல்லை. அம்மா பெட்டிக்குள்ள இருந்த தாளை எடுத்து வாசிச்சா. உடனே பழுதாகாதாம், ஆனால் குளிர் விட்டால் ஆயுள் கிழமைக் கணக்குத்தான். அப்பதான் எனக்கு மூச்சு வந்தது. எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, ஃபிரிட்ஜை முன் சொக்கற்றில் செருகிவிட்டு வயரைத் தேடினன்.

ஃபிரிட்ஜின் நெகற்றிவ் வயரை நேரே பற்றறி முனையில் பூட்டியிருந்தன். சராசரி 2 அம்பியர், 2 நாளில் 96 அம்பியர்-மணி: ஷண்டைத் தொடாமலே போயிட்டுது. மொனிற்றர் எண்ணினது லைற்றையும் ஃபோன் சார்ஜரையும் மட்டும்தான். பொய் சொன்னது அது இல்லை, நான்.

திருத்த ஒரு ஸ்பனரும் 10 நிமிடமும் போதும். பற்றறி நெகற்றிவ் முனையில் ஷண்டுக்குப் போற ஒரு கேபிள் மட்டும் இருக்கவேணும். ஃபிரிட்ஜ், சோலார், சார்ஜர், பொடி ஏர்த் எல்லாம் ஷண்டின் மற்றப் பக்கம்.

பூட்டி முடிச்சதும் ஒவ்வொண்டா ஓன் பண்ணிப் பாருங்கோ. ஃபிரிட்ஜ் ஓடேக்க சில அம்பியர் மைனஸில் காட்டவேணும். எண் அசையாட்டி, அந்த வயர் ஷண்டுக்கு வெளியால போகுது.

இப்ப ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் அப்பாதான் ஃபிரிட்ஜைப் போட்டுட்டுக் கேக்கிறார்: "தம்பி, எத்தினை அம்பியர்?"