ஸ்க்ரோல் பாரை ஒளிக்காதீர்கள்

மைனஸ் 255. பெரும்பாலான விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் இந்த எண் உட்கார்ந்திருக்கிறது. திரையின் வலது ஓரத்தில் நாம் பிடித்து இழுக்கும் ஸ்க்ரோல் பார் எவ்வளவு அகலம் என்பதை முடிவு செய்வது இதுதான். ஓர் அங்குலத்தை 1,440 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கு 'ட்விப்' என்று பெயர். விண்டோஸின் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்ஸல். ஆகவே ஒரு பிக்ஸலுக்கு 15 ட்விப். 255ஐ 15ஆல் வகுத்தால் 17 வரும். ஸ்க்ரோல் பாரின் அகலம் 17 பிக்ஸல். முன்னால் நிற்கும் மைனஸ், 'இது ட்விப் கணக்கு' என்பதற்கான அடையாளம்.

விண்டோஸ் 7 வரை இதை மாற்ற இவ்வளவு உள்ளே போக வேண்டியதில்லை. வண்ணத்தையும் தோற்றத்தையும் மாற்றும் பகுதியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் ஸ்க்ரோல் பாரைத் தேர்ந்து எண்ணைக் கூட்டினால் பட்டை அங்கேயே அகலமாகும். விண்டோஸ் 8இல் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். எண் மட்டும் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிட்டது.

கடந்த பதினைந்து ஆண்டுகளாக ஸ்க்ரோல் பாருக்கு நடந்துவருவது இதுதான். முதலில் மெலிந்தது, பிறகு மங்கியது, பிறகு மறைந்தே போனது. திரும்பக் கொண்டுவரும் வழியும் எங்கோ மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. மேஜைக் கம்ப்யூட்டரிலோ லேப்டாப்பிலோ நாள் முழுக்கப் படிப்பவர்கள், எழுதுபவர்கள், கணக்குப் பார்ப்பவர்கள் அதைத் தேடிப்பிடித்து மீட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி.

ஸ்க்ரோல் பாருக்கு இரண்டு வேலை. பக்கத்தை நகர்த்துவது முதல் வேலை. 1996இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டெலிமவுஸில் சக்கரம் வைத்து விற்கத் தொடங்கிய பிறகு, அந்த வேலை மெல்ல மெல்லச் சக்கரத்தின் கைக்குப் போய்விட்டது. லேப்டாப்பில் இரண்டு விரல் போதும். இரண்டாவது வேலை, தகவல் சொல்வது. ஆவணம் எவ்வளவு நீளம், நாம் எந்த இடத்தில் நிற்கிறோம், கண்ணுக்குத் தெரிவது மொத்தத்தில் எத்தனை பங்கு என்ற மூன்றையும் ஒரே பார்வையில் சொல்லிவிடும். இதை வேறு எதுவும் இவ்வளவு சுருக்கமாகச் செய்வதில்லை. பட்டையை ஒளித்தவர்கள் முதல் வேலையை மட்டும் கணக்கில் எடுத்து, இரண்டாவதை விட்டுவிட்டார்கள்.

ஸ்கேன் செய்த பழைய தமிழ் அகராதி ஒன்றைத் திறந்து பாருங்கள். பக்கங்கள் எல்லாம் படங்கள். தேடல் பெட்டியில் எந்தச் சொல்லை அடித்தாலும் சிக்காது. 'ம'வில் தொடங்கும் ஒரு சொல் வேண்டும். என்ன செய்வோம்? ஸ்க்ரோல் பாருக்குள் மேலும் கீழும் நகரும் கட்டையைப் பிடித்து முக்கால் பங்குக்குப் பக்கத்தில் இழுத்து விடுவோம். 'ப' வந்தால் இன்னும் கொஞ்சம் கீழே, 'வ' வந்தால் கொஞ்சம் மேலே. நாலைந்து இழுப்பில் சொல் கிடைத்துவிடும். சக்கரத்தை உருட்டி அந்த இடத்துக்குப் போக முயன்றால் விரல் ஓய்ந்துவிடும். அரசிதழ், பழைய தீர்ப்பு, வில்லங்கச் சான்று என்று நீளமான ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது அன்றாட அனுபவம்.

இந்தப் பட்டையின் கதை பழையது. கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ நகரத்து ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில், 1970களில் உருவான ஸ்மால்டாக் அமைப்பிலேயே ஸ்க்ரோல் பார் உண்டு. அங்கே அது ஜன்னலின் இடப்பக்கம் இருந்தது; அதுவும் மவுஸ் அம்பு ஜன்னலுக்குள் நுழைந்தால்தான் வெளியே நீளும். ஒளித்துவைக்கும் யோசனை புதிதல்ல என்று இதைக் காட்டி வாதாடலாம். ஆனால் அந்தப் பட்டை, அம்பு உள்ளே வந்த உடனே முழுதாக வந்து நிற்கும். அம்பு உள்ளே இருக்கும்வரை போகாது. இன்றைய பட்டையைப் போல, ஒரு நொடி மின்னிவிட்டு மங்கிப்போகும் பழக்கம் அதற்கு இல்லை.

1984இல் வந்த மெக்கின்டாஷில் கட்டை ஒரு சிறு சதுரம். இரண்டு பக்கக் கடிதமானாலும் இருநூறு பக்க நாவலானாலும் அதே சதுரம்தான். இடத்தைச் சொல்லும், நீளத்தைச் சொல்லாது. அடுத்த ஆண்டே வெளிவந்த அமிகாவில் கட்டையின் அளவு ஆவணத்துக்கு ஏற்றபடி மாறியது: நீளமான ஆவணத்துக்குச் சிறிய கட்டை, குறுகியதற்குப் பெரிய கட்டை. விண்டோஸுக்கு இந்த அறிவு வர 1995 ஆனது. மெக்கோ 1998இல், 8.5ஆம் பதிப்பில்தான், அதுவும் விருப்பம் இருந்தால் தேர்ந்துகொள்ளும் வசதியாக, இதைக் கொடுத்தது. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் பட்டை இடப்பக்கம் இருந்தது; மேல் அம்பையும் கீழ் அம்பையும் ஒன்றாக அடியில் வைத்திருந்தார்கள். கையை இங்கும் அங்கும் அலையவிடாத அருமையான ஏற்பாடு அது. யூனிக்ஸ் உலகத்தின் டெர்மினல் செயலியான எக்ஸ்டெர்மில் இன்றும் ஒரு பழைய முறை வாழ்கிறது: பட்டையில் இடது பொத்தானை அழுத்தினால் முன்னே போகும், வலது பொத்தானை அழுத்தினால் பின்னே வரும், நடுப்பொத்தானால் இழுக்கலாம். எங்கே அழுத்துகிறோமோ அதைப் பொறுத்து எத்தனை வரி நகரும் என்பதும் மாறும். பழகியவர்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

1992இல் வில்லியம் ஹில், ஜேம்ஸ் ஹாலன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஓர் ஆவணத்தின் எந்தப் பகுதியை அதிகம் படித்தார்கள், எந்தப் பகுதியை அதிகம் திருத்தினார்கள் என்பதை ஸ்க்ரோல் பாரின் மீதே கோடுகளாகக் காட்டினார்கள். இன்று குரோமில் ஒரு சொல்லைத் தேடினால், அது வரும் இடங்களெல்லாம் பட்டையின் ஓரத்தில் மஞ்சள் கீற்றுகளாகத் தெரிகின்றன. புரோகிராம் எழுதுபவர்களின் எடிட்டரில் முழுக் கோப்பும் குட்டிப் படமாக ஓரத்தில் நிற்கிறது. பட்டை காட்டக்கூடியது இவ்வளவு இருக்கும்போது, அதை மறைக்கும் போக்கு எப்படி வந்தது?

ஐஃபோனில் இருந்து வந்தது. 2007இல் வந்த அந்தச் சிறிய திரையில் ஓரத்து இடம் பொன்போல் மதிப்புள்ளது. விரலால் நேரே பக்கத்தைத் தள்ளும்போது தனிப் பட்டைக்கு வேலையும் இல்லை. அங்கே அந்த முடிவு சரி. 2011 ஜூலையில் ஆப்பிள் அதே முடிவை லயன் பதிப்பு வழியாக மெக்குக்கும் கொண்டுவந்தது. அம்புகள் போயின, பட்டை நகர்த்தும்போது மட்டும் தலைகாட்டியது. அதே ஆண்டு ஏப்ரலில் உபுண்டு 11.04 தன் வழியில் பட்டையை மெல்லிய கோடாக்கியிருந்தது. பிறகு லினக்ஸ் செயலிகள் பலவற்றுக்கு அடித்தளமான ஜி.டி.கே., விண்டோஸ் 10, விண்டோஸ் 11 என்று ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 2022 மே மாதம் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 100, விண்டோஸ் 11இலும் லினக்ஸிலும் பட்டைக்கென்று தனி இடம் ஒதுக்குவதை நிறுத்தியது. கைக்குள் அடங்கும் திரைக்குச் செய்த சிக்கனம், 27 அங்குலத் திரைக்கும் சட்டமாகிவிட்டது.

இதன் வலி வயதானவர்களிடம் தெரியும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். கையில் லேசான நடுக்கம். மகன் கொடுத்துவிட்டுப் போன லேப்டாப்பில் மவுஸ் பொருத்தி, ஓய்வூதியம் பற்றிய அரசாணையைப் படித்துக்கொண்டிருந்தார். "அவ்வளவுதான் தம்பி, ஒரு பக்கத்தோட முடிச்சுட்டான்" என்றார்.

"இல்ல சார், கீழ இன்னும் நிறைய இருக்கு."

"இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டதில் தவறே இல்லை. திரையில் எந்த அடையாளமும் இல்லை. சக்கரத்தை அசைத்ததும் ஓரத்தில் ஒரு கோடு தோன்றியது. அம்பை நடுங்கும் கையோடு அங்கே கொண்டுபோவதற்குள் மறைந்தது. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954லேயே எழுதிவைத்த விதி இது: இலக்கு எவ்வளவு தூரமோ, எவ்வளவு குறுகலோ, அவ்வளவுக்கு அதைத் தொட நேரம் பிடிக்கும். தொடும் பொருள்கள் குறைந்தது 24க்கு 24 பிக்ஸலாவது இருக்கட்டும் என்று 2023இல் வெளிவந்த இணைய அணுகல் நெறிமுறை 2.2 கேட்கிறது. அதோடு வைத்துப் பார்த்தால் பழைய 17 பிக்ஸலே குறைவு. இப்போதைய கோட்டை என்னவென்று சொல்வது?

பட்டையை எப்போதும் தெரியவைக்க வழி இருக்கிறது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ஆக்ஸஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று போனால் 'ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்' என்ற ஸ்விட்ச் இருக்கிறது. விண்டோஸ் 10இல் ஈஸ் ஆஃப் ஆக்ஸஸுக்குள் டிஸ்ப்ளே பகுதியில், தானாக மறைக்கும் வசதியை அணைக்க வேண்டும். மெக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், அப்பியரன்ஸ்; அங்கே 'ஆல்வேஸ்' என்பதைத் தேர்ந்தால் போதும். க்னோம் திரையுள்ள லினக்ஸின் புதிய பதிப்புகளில் ஆக்ஸஸிபிலிட்டிக்குள் 'சீயிங்' பகுதி. ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸின் ஜெனரல் பக்கத்தில், கீழே பிரவுசிங் என்ற தலைப்பின் அடியில் ஒரு டிக். ஒவ்வொன்றும் அரை நிமிட வேலை.

அகலப்படுத்துவதற்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, ரெஜெடிட் என்று அடித்து ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறங்கள். ஹெச்கீ கரன்ட் யூசர், கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப், விண்டோ மெட்ரிக்ஸ் என்று படிப்படியாக உள்ளே போங்கள். எதையும் தொடும் முன் அந்த விண்டோ மெட்ரிக்ஸை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது கோளாறானால் அந்தக் கோப்பை இரட்டை கிளிக் செய்தாலே பழையபடி ஆகிவிடும். உள்ளே 'ஸ்க்ரோல்விட்த்' என்பதில் நம் மைனஸ் 255 இருக்கும். 25 பிக்ஸல் வேண்டுமானால் மைனஸ் 375, 30 பிக்ஸல் வேண்டுமானால் மைனஸ் 450. படுக்கைவசப் பட்டைக்கு 'ஸ்க்ரோல்ஹைட்'டிலும் அதே எண். லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தால் வித்தியாசம் தெரியும். பழைய பாணியில் எழுதப்பட்ட செயலிகள் இதற்குக் கட்டுப்படும். புதிய பாணிச் செயலிகள் பலவும் காதில் போட்டுக்கொள்ளாது.

பிரவுசருக்கு வேறு வழி. ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பெட்டியில் அபவுட் கான்ஃபிக் என்று, நடுவில் முக்காற்புள்ளி வைத்து, அடியுங்கள். எச்சரிக்கையைக் கடந்து உள்ளே போய் ஸ்க்ரோல்பார் என்று தேடினால் சைஸ் ஓவர்ரைட் என்று முடியும் வரி ஒன்று வரும். அதில் 24 என்று போட்டால் பட்டை 24 பிக்ஸல் ஆகிவிடும். அதே பட்டியலில் ஸ்டைல் என்று முடியும் வரியில் 4 என்று கொடுத்தால், விண்டோஸ் 10இன் சதுரமான, தெளிவான பட்டை வரும். படிப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

தோற்றத்தைவிட நடத்தையில்தான் பலருக்கு எரிச்சல். பட்டையில் கட்டை இல்லாத வெற்றிடத்தில் கிளிக் செய்தால் என்ன நடக்க வேண்டும்? ஒரு பக்கம் நகர வேண்டுமா, கிளிக் செய்த இடத்துக்கே தாவ வேண்டுமா? மெக்கும் லினக்ஸின் கே.டி.ஈ. பிளாஸ்மாவும் இதை நம்மிடமே கேட்கின்றன, செட்டிங்ஸில் தேர்ந்துகொள்ளலாம். ஜி.டி.கே. செயலிகள் தாவும், ஷிஃப்டோடு கிளிக் செய்தால் ஒரு பக்கம் நகரும். விண்டோஸ் இதற்கு நேர் எதிர். சாதாரண கிளிக்குக்கு ஒரு பக்கம், ஷிஃப்டோடு கிளிக் செய்தால் தாவல்.

விண்டோஸில் இன்னொரு பழக்கமும் உண்டு. கட்டையைப் பிடித்து இழுக்கும்போது அம்பு பக்கவாட்டில் ரொம்ப விலகிவிட்டால், ஆவணம் சட்டென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். மனம் மாறியவருக்கு அது வசதி. கை நடுங்குபவருக்கோ இத்தனை நேரம் இழுத்ததெல்லாம் வீண். இதை நிறுத்த செட்டிங்ஸில் இடமே கொடுக்கவில்லை. இழுக்காமல் போய்ச்சேர வழி இருக்கிறது: பழைய பாணிப் பட்டையின் மீது வலது கிளிக் செய்தால் ஒரு மெனு விரியும், அதில் 'ஸ்க்ரோல் ஹியர்' என்பதை அழுத்தினால் ஆவணம் அங்கேயே வந்து நிற்கும். ஆசிரியருக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

இணையப் பக்கங்கள் தனிக் கதை. 2000இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5, பட்டைக்கு வண்ணம் பூசும் உரிமையைப் பக்கத்தை வடிவமைப்பவர் கையில் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளுக்கு ரோஸ் நிறப் பட்டை, பச்சைப் பட்டை என்று திருவிழாதான். இன்று ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் ஏற்கும் பொதுவான முறையில் பட்டையின் நிறத்தைக் குறிப்பிடலாம். அகலத்துக்கு 'ஆட்டோ', 'தின்', 'நன்' என்று மூன்று தேர்வுகள். இந்த 'நன்'தான் ஆபத்து. அதை எழுதிவிட்டால் அந்தப் பக்கத்தில் பட்டையே இருக்காது. படிப்பவர் தன் கம்ப்யூட்டரில் 'எப்போதும் காட்டு' என்று வைத்திருந்தாலும் பலிக்காது.

முடிவில்லாமல் நீளும் பக்கங்கள் வேறு வகையில் பட்டையைப் பொய் சொல்ல வைக்கின்றன. அடியை நெருங்கும்போது புதிதாகச் சரக்கு வந்து சேரும், கட்டை சுருங்கி மேலே ஏறிவிடும். அந்த முறையை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காகப் பொதுவெளியில் வருத்தப்பட்டார்.

சென்னையிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் இணையதளம் கட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. அகலத்தில் கை வைக்காதீர்கள், 'ஆட்டோ'வே இருக்கட்டும். நிறம் மாற்றியே ஆக வேண்டும் என்றால், கட்டைக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 3க்கு 1 என்ற அளவிலாவது வேறுபாடு வையுங்கள். மங்கிய கண்ணுக்கும் தெரியட்டும். பட்டை தோன்றும்போது பக்கம் இடப்புறம் குதிக்கிறது என்பதற்காகத்தான் பலர் அதை மறைக்கிறார்கள். அதற்கு இப்போது நல்ல மருந்து இருக்கிறது. 'ஸ்க்ரோல்பார் கட்டர்' என்ற பண்புக்கு 'ஸ்டேபிள்' என்று எழுதினால், பட்டை வந்தாலும் வராவிட்டாலும் அதற்கான இடம் முன்கூட்டியே ஒதுங்கிவிடும், பக்கம் குதிக்காது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றின் இப்போதைய பதிப்புகளிலும் இது வேலை செய்கிறது. ஒரே ஒரு வரிதான்.