பாலருக்குத் தீப் பாதுகாப்பு: விளையாட்டே பாடம்

நெசவாளர் இல்லத்தில் நூலும் பாவும், உழவர் இல்லத்தில் வைக்கோலும் கீற்றும் இல்லாத நாளில்லை. இவை யாவும் ஒரு பொறிக்கு இரையாகக் கூடியவை. பெரியவர்களாகிய நாம் இதனை அறிந்து விளக்கையும் அடுப்பையும் தள்ளி வைக்கிறோம். அதே வீட்டில் வளரும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு இதனை எவ்வாறு உணர்த்துவது? அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டிய விஷயம் இது.

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். கூரையும் கட்டடமும் வெளியேறும் வழியும் பெரியோரின் பொறுப்பு. எந்தப் பாடமும் அப்பொறுப்பைக் குழந்தையின் தலையில் ஏற்றிவிடலாகாது. ஆயினும் ஆபத்து நேருங்கால் குழந்தைக்கு உதவக்கூடிய பழக்கங்கள் சில உண்டு. அவற்றைப் பால பருவத்திலேயே பயிற்றலாம்.

தீயைக் கண்டு அஞ்சிய சிறு குழந்தை பல வேளைகளில் வெளியே ஓடுவதில்லை, ஒளிந்துகொள்கிறது. கட்டிலின் அடியும் கதவின் மூலையும் அதற்கு அடைக்கலமாகத் தோன்றுகின்றன. தான் தீக்குச்சியைக் கிழித்ததால் நேர்ந்ததாயின், அடிக்கு அஞ்சியும் ஒளியும். தேடுவோர் கண்ணுக்கு அது அகப்படுவதில்லை. ஆகவே மிரட்டிக் கற்பிப்பது பயன் தராது. உடல் தானே செய்யும்படி, விளையாட்டாகப் பழக்குவதே வழி.

அங்கன்வாடியில் ஆடக்கூடிய ஆட்டங்கள் எளியவை. முதலாவது, ‘சுடும், சுடாது’. அடுப்பு, அகல் விளக்கு, இஸ்திரிப் பெட்டி, பந்து, பொம்மை ஆகியவற்றின் படங்களைக் குழந்தைகள் இரண்டாகப் பிரிக்கட்டும். அணைந்த அடுப்பும் ‘சுடும்’ பக்கமே சேரவேண்டும். தீப்பெட்டிப் படம் வந்தால் தொடாமல், “அம்மா, இங்கே தீப்பெட்டி!” என்று கூவவேண்டும். கூவிய குழந்தையைப் பாராட்டுதல் அவசியம்.

இரண்டாவது, ‘புகைக்குக் கீழே’. பழைய சேலை ஒன்றை இருவர் குழந்தையின் இடுப்பளவு உயரத்தில் விரித்துப் பிடிக்க, சேலை மேலே படாமல் குழந்தைகள் தவழ்ந்து வாயிற்படியை அடையவேண்டும். சூடான புகை மேலே எழும். தரையை ஒட்டியே ஓரளவு நல்ல காற்று இருக்கும். இக்காரணத்தைக் குழந்தை அறியாவிடினும் அதன் முழங்கால்கள் அறிந்துவிடும்.

மூன்றாவது, ‘நில், படு, உருள்’. ஆடையில் தீப்பற்றினால் ஓடலாகாது. ஓடினால் தீ வளரும். நின்று, பாயில் படுத்து, கைகளால் முகத்தை மூடி உருளப் பழக்கவேண்டும். ஆடை பற்றினால் மட்டுமே இது என்பதையும், விரல் சுட்டால் தண்ணீரே மருந்து என்பதையும் பிரித்துச் சொல்லவேண்டும். சுட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரை விடுதல் நன்று. மாவு, மை, பற்பசை தடவுதல் தீது.

நான்காவது, ‘மணியும் மரமும்’. மணி ஒலித்ததும் கையிலுள்ளதைப் போட்டுவிட்டு வெளியேறி, குறித்த மரத்தடியில் கூடவேண்டும். ஆசிரியை பெயர் சொல்லி எண்ணுவார். பொம்மைக்காகக்கூட உள்ளே திரும்பலாகாது. கண்ணாமூச்சியில் ஒளியலாம், மணி ஆட்டத்தில் ஒளியலாகாது என்ற வேறுபாட்டைக் குழந்தைகள் விரைவில் பற்றிக்கொள்வர்.

தீயணைப்பு வீரரின் தலைக்கவசத்தையும் முகமூடியையும் கண்டு மிரளும் குழந்தை, காக்க வந்தவரிடமிருந்தே விலகி ஒளியக்கூடும். 1944ஆம் ஆண்டு பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் தீயணைப்பு வாரம் அனுசரிக்கப்படுகிறது. அவ்வாரத்தில் அருகிலுள்ள நிலையத்தாரை அழைத்து, குழந்தைகள் எதிரிலேயே அவர் முகமூடியை அணிந்து கழற்றிக் காட்டச் செய்யலாம்.

இவ்வாட்டங்களை ஒருநாள் ஆடி நிறுத்தினால் குழந்தைகள் மறந்துவிடுவர், மாதமொருமுறையேனும் ஆடவேண்டும். அங்கத்தினர்கள் தத்தம் ஊர் அங்கன்வாடிப் பணியாளருடன் கலந்து பேசி, பழஞ்சேலையும் பாயும் மணியும் கொடுத்துதவலாம். வீட்டில் தீப்பெட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதும், தீயணைப்பு நிலையத்தை அழைக்கும் 101 என்ற எண்ணை யாவரும் நினைவிற் கொள்வதும் இன்றே செய்யத்தக்கவை.