மூணு நாள் மழை... சாப்பாட்டுக்கு என்ன பாஸ் ஐடியா?

ஒரு குட்டி டெஸ்ட். உங்க ரூம் ஷெல்ஃபைத் திறங்க. இன்னிக்கு ராத்திரியில இருந்து மூணு நாளைக்கு கரன்ட் இல்லை, கடை இல்லை, வாசல்ல முழங்கால் அளவு தண்ணி. என்ன சாப்பிடுவீங்க? நாலு நூடுல்ஸ் பாக்கெட்டா? அதை வேகவைக்க இருக்கிறது இண்டக்‌ஷன் அடுப்பு. கரன்ட் போனா அது வெறும் கண்ணாடிப் பலகை!

'ஓவரா பயமுறுத்தாதீங்க'ங்கிறவங்க சென்னை சீனியர்ஸைக் கேட்டுப் பாருங்க. 2015 டிசம்பர் மழையில தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. கொட்டுச்சு. பால் பாக்கெட் சில இடங்கள்ல 100 ரூபாய்க்கு வித்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல தெருக்கள் நாள்கணக்குல தண்ணியில நின்னுச்சு. 2018 கஜாவுக்கு அப்புறம் டெல்டாவுல பல கிராமங்கள் வாரக்கணக்கா இருட்டுல கிடந்துச்சு. அந்த நேரத்துல ஆப்ல ஆர்டர் பண்ணலாம்னா, முதல்ல போன்ல சார்ஜ் இருக்கணுமே!

இந்த மேட்டர்ல நம்ம பாட்டிங்க கில்லாடிங்க. குதிர்ல நெல்லு, வேப்பிலை போட்ட பானையில பயறு, செம்மண் கட்டிக் காயவெச்ச துவரை, மொட்டைமாடியில வத்தல், வடகம். அவங்களுக்கு எதிரி ரெண்டே பேர்தான்... ஈரமும் பூச்சியும். உங்களுக்கும் அதே ஆளுங்கதான்.

அடுப்பே வேண்டாத அயிட்டங்கள்ல இருந்து ஆரம்பிங்க. இதுல அவல்தான் ஹீரோ. கொஞ்சம் தண்ணியில ஊறவெச்சு வெல்லம் போட்டா டிபன் ரெடி. கூடவே பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பேரீச்சம்பழம். ஹாஸ்டல்வாசிகளுக்கு இந்த நாலு டப்பாவே போதும். ஆனா, பூட்டு அவசியம். நடுராத்திரியில டப்பாவைக் காலி பண்ற ரூம்மேட், புயலைவிட டேஞ்சர்!

வீடு எடுத்துத் தங்கி, கேஸ் அடுப்பும் இருந்தா அரிசி, பருப்பையும் சேர்த்துக்கலாம். பாலிஷ் பண்ணின வெள்ளை அரிசி, ஈரம் படாம இருந்தா வருஷக்கணக்குல தாங்கும். கைக்குத்தல் அரிசி சத்துதான். ஆனா, தவிட்டுல இருக்கிற எண்ணெயால சில மாசத்துலயே சிக்கு வாடை வந்துடும். கோதுமை மாவும் அப்படித்தான். அதனால மாவா வாங்கி அடுக்காம, முழுப் பயறா வாங்குங்க. டப்பா வாங்கக் காசில்லையா? காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் கழுவி, சொட்டு ஈரமில்லாம காயவெச்சு, கழுத்து வரைக்கும் அரிசியைக் குலுக்கி நிரப்பி இறுக்கி மூடுங்க.

ஒரே நாள்ல மூட்டை மூட்டையா வாங்கிக் குவிக்க வேண்டாம். மாசச் சாமான் வாங்கறப்போ அரைக் கிலோ எக்ஸ்ட்ரா, அவ்வளவுதான். மார்க்கர்ல தேதி எழுதி, புதுசை உள்ளே தள்ளி, பழசை முதல்ல சமைச்சுடுங்க. சாதாரண நாள்ல நீங்க தொடாத ஓட்ஸை வெள்ளத்துக்குன்னு வாங்கி வெச்சா, அது வண்டுக்குத்தான் விருந்து.

எல்லாத்தையும்விட முக்கியம் தண்ணி. குடிக்க, சமைக்க, வாய் கொப்பளிக்க எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். மூணு பேர், மூணு நாள்னா 36 லிட்டர்... கிட்டத்தட்ட ரெண்டு கேன். வெள்ளம் வந்தா சம்ப்புல சாக்கடை கலந்துடும். அதனால புயல் எச்சரிக்கை வந்த அன்னிக்கே கேனை நிரப்பிடுங்க. கிரவுண்ட் ஃப்ளோர் மக்கள், ஸ்டாக் மொத்தத்தையும் பரண்ல ஏத்திடுங்க. தீப்பெட்டியையும்தான்!